சொற்படைப்பும் மொழிப்படைப்பும்: குள்ளஞ்சாவடி வட்டாரம் காட்டும் சான்றுகள்

1. தோற்றுவாய்

தனியொருவர் தமக்கென ஒரு மொழியைப் படைத்துக்கொள்ளுதல் இயலுமா என்னும் வினா மொழிநூலார்க்குப் புதியதன்று. மேனாட்டில் இவ்வினாவிற்கு விடையாகப் பல மொழிகள் செய்தே காட்டப்பட்டுள்ளன. தமிழகத்திலும் 2015 ஆம் ஆண்டு வெளிவந்த ‘பாகுபலி’ என்னும் திரைப்படத்திற்கென மதன் கார்க்கி ‘கிளிக்கி’ என்றொரு மொழியை அமைத்தார். இத்தகைய முயற்சிகளை விளையாட்டென ஒதுக்குவாரும் உளர். வியந்து போற்றுவாரும் உளர். இரண்டும் ஆராய்ச்சி நெறி ஆகா. மொழியைப் படைத்தல் என்பது யாது, படைத்தது வாழ்வதற்கும் மாய்வதற்கும் காரணம் யாது என்பனவே ஈண்டு நாம் ஆராயப் புகுவன.

இவ்வாராய்ச்சிக்குக் களமாகக் கடலூர் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடி வட்டத்தைச் சார்ந்த குள்ளஞ்சாவடியையும் அதன் சுற்றுப்புறத்தையும் கொண்டோம். கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் பெருவழியில் அமைந்தது இவ்வூர். அவ்வழியே மேற்செல்வார் குறிஞ்சிப்பாடி, வடலூர் ஆகிய ஊர்களைக் கடந்து நெய்வேலியை அடைவர். பெயரிலேயே வழிப்போக்கரை நினைவூட்டும் பழைய சாலையோரச் சிற்றூர், கடல்கடந்து வந்த முந்திரியும் மணிலாவும் விளையும் செம்மண் மேட்டுநிலம், இருபதாம் நூற்றாண்டில் எழுந்த சுரங்க நகரம் ஆகிய மூன்றும் ஒரே வழியில் அடுத்தடுத்து அமைந்திருத்தலின், சொற்கள் தோன்றும் வழிகளை ஒருங்கே காண்பதற்கு இது தக்க இடமாம்.

2. இலக்கண நூலார் கொள்கை

சொற்படைப்பைப் பற்றித் தமிழ் இலக்கண நூலார் தெளிவான கொள்கை உடையவர். எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவே என்பது தொல்காப்பியர் கருத்து. எனினும் ஒரு சொல் அப்பொருளை ஏன் குறித்தது என்னும் காரணம் வெளிப்படத் தோன்றாது என்பதனையும் அவரே உரியியலிற் கூறியுள்ளார். ஒலிக்கும் பொருளுக்கும் உள்ள உறவு மக்கள் கொண்ட வழக்கினால் அமைவது என இக்கால மொழிநூலார் கூறுவதோடு இதனை ஒப்பிட்டுக் காணலாம். காரணம் தோன்றாது என்றாரேயன்றி, காரணமே இல்லை என்றாரல்லர் என்பது ஈண்டுக் கருதற்குரியது.

பின்வந்த பவணந்தி முனிவர் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்தார். மரம் என்பது இடுகுறி. பறவை என்பது காரணம். இப்பகுப்பு, சொல்லைப் புதிதாக ஆக்குவார் முன் உள்ள இரு வழிகளையும் காட்டுவதாகும். காரணமின்றி ஓர் ஒலியை இட்டுப் பெயராக்கலாம். அல்லது முன்னரே உள்ள சொல்லிலிருந்து காரணம் காட்டிப் பெயராக்கலாம். இவ்விரண்டிற்கும் அப்பாற்பட்ட மூன்றாம் வழியாகத் திசைச்சொல்லும் வடசொல்லும் கொள்ளப்பட்டன. பிறமொழிச் சொல்லைத் தமிழ் எழுத்திற்கு இயைய அமைத்துக்கொள்க என்பதே நூலோர் காட்டிய நெறி.

இவற்றினும் நம் ஆராய்ச்சிக்கு நெருங்கியது குழூஉக்குறி. தகுதி வழக்கு மூன்றனுள் இடக்கரடக்கலோடும் மங்கலத்தோடும் இதனையும் வைத்து எண்ணினர். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்றலும், யானைப்பாகர் ஆடையைக் காரை என்றலும், வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்றலும் உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டுகள். ஒரு கூட்டத்தார் தமக்குள் ஒப்புக்கொண்டு ஒரு சொல்லை வேறு பொருளில் ஆளுதல் பிழையன்று, வழக்கே என இலக்கணம் ஏற்றமை பெரிதும் போற்றத்தக்கது. ‘குழு’ என்னும் சொல்லே இக்கொள்கையின் உயிர்நிலையாம். தனியொருவன் குறி என ஒரு வகையை நூலோர் வகுத்திலர். ஒருவன் மட்டும் அறிந்த ஒலி குறியாதல் இல்லை என்பது இதனாற் பெறப்படும்.

3. வட்டாரச் சொற்கள் காட்டும் வழிகள்

இனி, நாம் கொண்ட களத்திற் சொற்கள் தோன்றிய வகையைக் காண்பாம்.

முதலாவது, பழஞ்சொல் புதுப்பொருள் பெறுதல். ‘குள்ளஞ்சாவடி’ என்பதன் சொல்லமைப்பு நோக்கின், குள்ளன், சாவடி என்னும் இரு சொற்களும், சகரத்தின் முன் னகரம் ஞகரமாகத் திரிந்த புணர்ச்சியும் புலனாகும். பெயர் இட்ட காலத்தில் அது காரணப் பெயர். இன்று பேருந்தில் ஏறி அவ்வூர்க்குச் சீட்டுக் கேட்பவர்க்கோ குள்ளனும் நினைவில் இல்லை, சாவடியும் நினைவில் இல்லை. காரணப் பெயர் இடுகுறியாய் உறைந்துவிட்டது. ஆனால் சாவடி என்னும் தனிச்சொல் உறையவில்லை. வழிப்போக்கர் தங்கும் இடத்தையும் ஊர்ப்பொது இடத்தையும் குறித்த அச்சொல், இன்று வாக்குச்சாவடி, சுங்கச்சாவடி, சோதனைச்சாவடி எனப் புதிய நிலையங்களுக்குப் பெயராயிற்று. தேர்தலும் நெடுஞ்சாலைக் கட்டணமும் கொணர்ந்த புதுப்பொருள்களுக்குப் புதிய ஒலி எதுவும் வேண்டப்படவில்லை. பழைய வழிநிலையமே போதுமாயிற்று.

‘வட்டம்’ என்னும் சொல்லும் அத்தகையதே. வருவாய்த்துறை ஆட்சியிற் குறிஞ்சிப்பாடி வட்டம் என்னும்போது பல ஊர்களைத் தன்னகத்துக் கொண்ட நிலப்பகுதியை அது குறிக்கும். நெய்வேலி நகரியத்தில் வட்டம் என்றால் எண்ணிட்டுப் பிரிக்கப்பட்ட குடியிருப்புப் பகுதி ஒன்றையே குறிக்கும். ஒரே சாலையிற் சில கல் தொலைவிற்குள் ஒரு சொல் இரு பொருளில் வழங்கியும், கேட்பார் மயங்குவதில்லை. நகரியத்தார் வழக்கை ஒருவகைக் குழூஉக்குறி எனினும் பொருந்தும்.

இரண்டாவது, அயற்சொல் மருவி நாட்டுச்சொல்லாதல். நிலக்கடலையை இவ்வட்டாரத்தார் மணிலாக்கொட்டை என்றும், மல்லாக்கொட்டை என்றும், மேலும் மருவி மல்லாட்டை என்றும் வழங்குவர். தென்னமெரிக்காவைத் தாயகமாக உடைய அப்பயிர், பிலிப்பைன்சு நாட்டு மணிலா நகரின் பெயரோடு இங்கு வேரூன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டு நிலக்கடலை புதுச்சேரித் துறைமுகத்தின் வழியாகப் பிரான்சு நாட்டிற்குப் பெருமளவு ஏற்றுமதியாயிற்று. வணிகம் வளர்ந்த அளவிற்குப் பெயரும் வாய்களிற் புரண்டது. இடையிலிருந்த இகரம் கெட்டு, லகரம் இரட்டி, ககரமும் நழுவி ‘மல்லாட்டை’ ஆனபின், அதனுள் ஒரு மாநகரம் மறைந்திருத்தலை உழவர் அறியார். அறிய வேண்டிய தேவையும் அவர்க்கு இல்லை. நிலக்கடலை, வேர்க்கடலை என்னும் காரணப் பெயர்கள் நூலிலும் கடைவீதியிலும் வழங்க, மல்லாட்டை என்னும் மரூஉ வயலில் நிலைபெற்றது.

மூன்றாவது, காரணமில்லாச் சொல்லிற்கு மக்கள் காரணம் படைத்துக்கொள்ளுதல். இதற்கு முந்திரி என்னும் சொல்லினும் சிறந்த சான்று காண்டல் அரிது. பழந்தமிழ்க் கணக்கில் முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய கீழ்வாய்ப் பின்னம். முந்திரிகை என்பது கொடிமுந்திரியாகிய திராட்சைக்குப் பெயர். இன்று இவ்வட்டாரத்திற் செம்மண் நிலமெங்கும் நிற்கும் மரமோ பிரேசில் நாட்டிற்குரியது. போர்ச்சுகீசியர் வழியாக இந்தியக் கரைக்கு வந்தது. மலையாளத்தார் அதனைப் பறங்கிமாவு என வந்தவர் பெயரால் வழங்கினர். யாழ்ப்பாணத்தார் மரமுந்திரிகை என்றனர். கொடியிற் காய்க்கும் முந்திரிகையினின்று பிரித்துக் காட்டவே அவ்வடை வேண்டப்பட்டது. தமிழகத் தென்பகுதிகளிற் கொல்லாங்கொட்டை என்னும் பெயரும் உண்டு. குள்ளஞ்சாவடிப் பக்கத்தில் அடையெல்லாம் நீங்கி, முந்திரி என்றால் அம்மரமும் அதன் கொட்டையுமே எனும் நிலை வந்துவிட்டது.

வரலாறு இத்தோடு நிற்கவில்லை. அம்மரத்தின் கொட்டை பழத்திற்குள் அடங்காது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனைக் கண்ட மக்கள், முந்திக்கொண்டு நிற்பதனால் முந்திரி எனக் காரணம் கற்பித்தனர். கேளாத முன்னரே பேச்சிற் புகுவாரை ‘முந்திரிக்கொட்டை’ எனப் பழிக்கும் வழக்கும் எழுந்தது. சொல்லாராய்ச்சி நோக்கில் இக்காரணம் பிற்காலத்து ஒட்டு. எனினும் மொழிவரலாற்று நோக்கில் இஃது இகழத்தக்கதன்று. காரணம் மறைந்த சொல்லிற்குக் காரணம் தேடும் மனப்பாங்கே, அயல்மரத்தைத் தமிழ்மரமாக்கியது. சொல்லை ஆக்கியவர் இன்னார் எனச் சுட்ட இடமில்லாதவாறு, பயன்படுத்துவோர் அனைவரும் அதன் ஆக்கத்திற் பங்கு கொண்டனர் என்க.

4. மறைமொழிகள்

மேற்கூறியவை அறிந்து திட்டமிட்டுச் செய்யப்பட்டன அல்ல. திட்டமிட்டுச் செய்த மொழிக்கூறுகளும் தமிழ் வழக்கில் உண்டு. அவற்றுள் எளியது சிறுவர் வழங்கும் ககரமொழி. ஒவ்வோர் எழுத்தின் முன்னும் ‘க’ சேர்த்து, ‘நீ வா’ என்பதனைக் ‘கநீ கவா’ என்பர். இதன்கண் புதுச்சொல் ஒன்றும் இல்லை. புதுவிதி ஒன்றே உண்டு. அவ்வொரு விதியே, அறியாதார் செவியில் தமிழைத் தமிழல்லாததாக்கப் போதும். ஆயினும் விதியை உணர்ந்த கணமே மறைவு நீங்கிவிடும்.

மாட்டுச் சந்தைகளில் தரகர் துண்டின் மறைவில் விரல் பற்றி விலை பேசுதல் மற்றொரு வகை. ஒலியே இன்றிக் குறியால் எண் உணர்த்துதலின் இதுவும் ஒரு மொழியே. சூழ நிற்பார் அறியாமல் இருவர் மட்டும் அறிதல் இதன் பயன். 1909 ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளாக வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலில், வணிகர் தமக்குள் ஆளும் மறைச்சொற்களைப் பற்றிய குறிப்புகள் உள்ளன. சித்த மருத்துவ நூல்களும் மருந்துப்பொருள்களை மறைபெயர்களால் வழங்கின. அவற்றை விளக்கவே தனி அகராதிகள் வேண்டியிருந்தன.

இம்மறைமொழிகள் அனைத்தினும் ஓர் ஒற்றுமை காணப்படுகின்றது. பெயர்களும் எண்களும் மாறுமேயன்றி, வேற்றுமை உருபும் வினைமுற்றும் வாக்கிய அமைப்பும் மாறுவதில்லை. பொன்னைப் பறி என்ற பொற்கொல்லரும், இரண்டாம் வேற்றுமைக்கு ஐகார உருபையே சேர்த்திருப்பர். எனவே குழூஉக்குறி தாய்மொழியின் மேல் படர்ந்த கொடி போன்றது, கொழுகொம்பின்றி நில்லாது.

5. முழுமொழி படைத்தோர்

கொழுகொம்பையும் தாமே நட முயன்றோர் மேனாட்டிற் பலர். பன்னிரண்டாம் நூற்றாண்டிற் செருமானிய நாட்டுத் துறவியாகிய இல்டெகார்டு அம்மையார் ஏறத்தாழ ஆயிரம் சொற்கள் கொண்ட மொழியொன்றைச் செய்தார். அவற்றுட் பெரும்பாலன பெயர்ச்சொற்களே. அவை இலத்தீன் வாக்கியத்துள் அமைந்தே நின்றன. நம் குழூஉக்குறியின் இயல்பே அவரிடத்தும் காணப்படுதல் நோக்கத்தக்கது. 1668 இல் ஆங்கில அறிஞர் சான் வில்கின்சு உலகப் பொருள்களையெல்லாம் வகைப்படுத்தி, அவ்வகைப்பாட்டையே சொல்லின் வடிவமாக்கினார். ஒவ்வொரு சொல்லும் காரணப் பெயராதல் வேண்டும் என்பது அவர் நோக்கம். அறிவுலகம் அதனை வியந்ததேயன்றி, ஒருவரும் பேசிற்றிலர். பொருள்களைப் பற்றிய அறிவு மாறுந்தோறும் சொற்களும் மாறவேண்டிய மொழியை யார் பேசுவர்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரு முயற்சிகள் நம் வினாவிற்கு நேரான விடை தருவன. செருமானியப் பாதிரியார் சுலேயர் 1879–80 ஆம் ஆண்டுகளில் வோலாபூக் என்னும் மொழியை அமைத்தார். அது விரைந்து பரவிக் கழகங்களும் இதழ்களும் கண்டது. பயின்றோர் திருத்தம் வேண்டியபோது, இறுதி முடிவு தமக்கே உரியது எனச் சுலேயர் நின்றார். 1889 இல் பாரிசு நகரில் கூடிய மாநாட்டிற்குப் பின் அவ்வியக்கம் பிளவுற்றுத் தேய்ந்தது. 1887 இல் வார்சா நகரில் கண் மருத்துவராகிய சாமென்கோப் எசுபெராண்டோவை வெளியிட்டார். பொதுமொழி எல்லார்க்கும் உடைமை என்று கூறி, ஆசிரியர்க்குரிய உரிமைகளை அம்முதல் நூலிலேயே துறந்தார். 1905 இல் பதினாறு விதிகள் கொண்ட அடிப்படை நூல் உறுதி செய்யப்பட்டது. அதன்மேற் சொற்களைப் பெருக்குதல் பேசுவோர் கையில் விடப்பட்டது. அம்மொழி உலகப் பொதுமொழியாகவில்லை. எனினும் இன்றுவரை பேசப்படுகின்றது, பாடல் பெற்றுள்ளது, தாய்மொழியாகக் கற்று வளர்ந்த மக்களையும் உடையது. இரு மொழிகளின் வேறுபாட்டிற்கு இலக்கண எளிமை முதலிய காரணங்களும் உண்டு. ஆயினும் படைத்தவன் பற்று விட்டதும் விடாததுமே தலையாய காரணம் எனக் கருதுகின்றோம்.

கிளிக்கி மொழியை இவற்றோடு வைத்துக் காணலாம். எழுநூற்றைம்பது அளவிற் சொற்களும் நாற்பது அளவில் இலக்கண விதிகளும் கொண்டதாக அது முதலில் அறிவிக்கப்பட்டது. தன்மைக்கு ‘மின்’ என்றும், அதனை மறித்து முன்னிலைக்கு ‘நிம்’ என்றும் அமைத்தமை அதன் படைப்பு நெறிக்கு ஓர் எடுத்துக்காட்டு. காரணமின்றி இட்ட ஒலியும், அதனினின்று காரணம்பற்றிப் பிறந்த ஒலியும் ஈண்டு ஒருங்கே உள. ‘நிம்’ என்பது தமிழின் ‘நும்’ என்பதனோடும் கன்னடத்து ‘நிம்ம’ என்பதனோடும் ஒலியால் நெருங்கி நிற்றலும் நோக்கற்பாலது. திரையில் வேற்றுக் குலத்தார் பேச்சாக வழங்கிய அம்மொழிக்கு 2020 இல் எழுத்து வடிவமும் பயிற்சிக் கருவிகளும் வெளியிடப்பட்டன. பேசுவாரைத் தேடிப் புறப்பட்ட இச்செயல், மொழி நூலில் இல்லை, குழுவில் உள்ளது என்பதனையே உறுதிப்படுத்துகின்றது.

6. கலைச்சொல்லாக்கம்

மொழிப்படைப்பு பற்றிய இவ்வாராய்ச்சி தமிழ்த்துறைக்கு எவ்வாறு பயன்படும் எனின், கலைச்சொல்லாக்கத்தில் நாம் நாளும் செய்துவருவது இதனையே என்க.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கர் சாமுவேல் பிஷ் கிறீன் (1822–1884) மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி மாணவர்க்குத் தமிழிலேயே பயிற்றினார். 1875 இல் வெளிவந்த அவர்தம் நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்பது பெயர். ஆங்கிலச் சொல்லின் இறுதியில் தமிழ்ப் பெயரீறாகிய அம் பொருத்திய அவ்வாக்கம் இலக்கண நெறிக்கு மாறன்று. எனினும் அஃது இன்று வழக்கில் இல்லை. இரசாயனம் என்பது நெடுங்காலம் ஆண்டு, பின்னர் வேதியியல் இடம் பெற்றது. சொல் மாய்ந்தாலும், தமிழில் மருத்துவம் கற்ற ஒரு மாணவர் குழுவை ஆக்கியதே கிறீனின் பெருஞ்செயல்.

1916 ஆம் ஆண்டில் சேலத்தில் இராசகோபாலாச்சாரியாரும் வேங்கடசுப்பையரும் அறிவியற் சொல்லாக்கத்திற்கென ஒரு சங்கம் கண்டனர். அதே ஆண்டிலேயே மறைமலையடிகளின் தனித்தமிழ் இயக்கமும் தோன்றியது. சேலத்துச் சங்கம் தன் பணியைப் ‘பரிபாஷை’ எனக் குறித்தது. இன்று அச்சொல்லையே ‘கலைச்சொல்’ என்பது வென்றுவிட்டது. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938 இல் கலைச்சொற்களை நூலாக வெளியிட்டது. 1940 இல் சீனிவாச சாத்திரியார் தலைமையில் அரசு அமைத்த குழு, வடசொல்லே மிகும் என்னும் அச்சத்தால் தமிழறிஞரின் எதிர்ப்பைப் பெற்றது. எச்சொல் என்பதைக் காட்டினும் யார் ஆக்குவது என்பதே அப்பூசலின் உட்பொருள்.

இக்கொள்கைப் போரின் விளைவை நெய்வேலியிற் கண்கூடாகக் காணலாம். 1956 இல் நிறுவனம் அமைந்து, 1957 இற் சுரங்கப்பணி தொடங்கி, 1961 இல் நிலத்தடிப் படிவம் வெளிப்பட்டது. இலத்தீன் மொழியில் மரக்கட்டை எனப் பொருள்படும் சொல்லினின்று பிறந்த ‘லிக்னைட்’ என்னும் பெயரை, நிறத்தால் ‘பழுப்பு நிலக்கரி’ எனத் தமிழாக்கினர். நிலம், கரி, பழுப்பு என்னும் மூன்றும் சிற்றூர் மகளிரும் அறிந்த சொற்கள். அதனால் பள்ளிப் பாடத்திலும் செய்தித்தாளிலும் அது தடையின்றிப் புகுந்தது. ஆயினும் நிறுவனத்தைச் சுட்டுங்கால் தொழிலாளரும் ஊராரும் ‘என்.எல்.சி.’ என்னும் எழுத்துக் குறுக்கத்தையே ஆள்கின்றனர். பொருளுக்குக் காரணப் பெயரும் நிறுவனத்திற்கு இடுகுறியும் எனப் பேசுவோர் தாமே பகுத்துக்கொண்டனர். குழு எதுவும் இப்பகுப்பை விதித்திலது.

7. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. ஒலியை ஒருவர் ஆக்கலாம். அதனைச் சொல்லாக்குவது குழு. பழஞ்சொல்லிற்குப் புதுப்பொருள் ஏற்றலும், அயற்சொல்லை மருவுவித்தலும், காரணம் காட்டிப் பெயரிடலும் ஆகிய மூன்றும் தமிழில் என்றும் தடைப்படாத வழிகள். செய்தவர் தம் உரிமையைத் துறந்து பேசுவோர் திருத்தத்திற்கு இடம் தந்த ஆக்கமே நிலைபெறும்.

இம்முடிபினின்று நமக்கு ஒரு கடமை எழுகின்றது. சொற்படைப்பிற்கு மறுபுறமாகச் சொல்லழிவும் உண்டு. சுரங்கத்தின் பொருட்டு நிலம் கொள்ளப்பட்டுக் குடிகள் பெயர்ந்த சிற்றூர்கள் நெய்வேலியைச் சூழப் பல. ஊர்ப்பெயராவது ஆவணத்தில் எஞ்சும். கொல்லைக்கும் ஓடைக்கும் மேட்டிற்கும் தாங்கலுக்கும் மக்கள் இட்டு வழங்கிய பெயர்களோ, அந்நிலம் தோண்டப்படும்போதே சுட்டும் பொருளை இழக்கின்றன. சொல்லை அறிந்த முதியோர் மறைந்தால் ஒலியும் மறையும். அவற்றைச் செய்ய எத்துணைத் தலைமுறைகள் வேண்டினவோ, அத்துணையும் மீள வாரா.

ஆதலின், கலைச்சொல் ஆக்கும் மாணவர் அகராதியோடு அமையாது, முந்திரித் தோப்பிற்கும் மணிலாக் கொல்லைக்கும் சுரங்கத்தாரின் குடியிருப்பிற்கும் செல்லுதல் வேண்டும். கருவிக்கும் பணிக்கும் மண்வகைக்கும் அங்குள்ளார் முன்னரே இட்டிருக்கும் பெயர்களைத் தொகுத்தல் வேண்டும். அவர்பாற் பெயர் உள்ளவிடத்து நாம் புதிது படைத்தல் மிகை. இல்லாதவிடத்து நாம் படைப்பதும் அவர் நாவிற்கு ஒப்படைத்தற்பொருட்டே ஆதல் வேண்டும். கடலூர் மாவட்டத்துத் தமிழ் மாணவர்க்கு இப்பணி கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளது. சுரங்க எல்லையை அடுத்த ஊர்களின் நிலப்பெயர்களைத் தொகுப்பதினின்று இதனைத் தொடங்குதல் தகும்.